புலம்பெயர்ந்த நாட்டில் சொந்தத் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறொரு நாட்டுக்குக் குடிபெயர்ந்து, அங்கே கடையோ சேவையோ சிறு கம்பெனியோ தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. எந்த நாட்டுக்கும் பொருந்தும் விஷயங்கள்தான் அதிகம். விதி எப்படி வேலை செய்கிறது என்று காட்ட வேண்டிய இடங்களில் மட்டும் சில நாடுகளின் சட்டத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறோம். தொகைகளும் வரம்புகளும் 2025 நிலவரம். கையெழுத்துப் போடும் முன் அன்றைய நிலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

என் விசாவில் வேலை செய்ய அனுமதி இருக்கிறது. அப்படியானால் தொழிலும் தொடங்கலாம்தானே?

இல்லை. பலர் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அனுமதி வேறு, சுயதொழில் அனுமதி வேறு. பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் குறிப்பிட்ட மணி நேரம் வேலை பார்க்கலாம். சுயதொழில் கூடவே கூடாது. செயலி வழியாக உணவு டெலிவரி செய்பவரை அங்கே சுயதொழிலாளர் என்றே பதிவு செய்வார்கள். ஆகவே 'பகுதி நேர வேலை' என்று நினைத்துச் செய்தாலும் அது விசா மீறல்தான்.

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவர் ஒரு கம்பெனியில் பங்கு வைத்திருக்கலாம். அந்தக் கம்பெனியே அவருக்காக மனுப் போட்டு அனுமதி வாங்காத வரை, அங்கே வேலை செய்யக் கூடாது. சம்பளம் எடுக்காவிட்டாலும் காலையில் கடை திறப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது, பில் போடுவது எல்லாம் வேலைதான். ஜெர்மனியில் வதிவிட அட்டையோடு தரும் இணைப்புத் தாளில் சுயதொழில் செய்யலாமா கூடாதா என்று எழுதியிருக்கும். கூடாது என்றிருந்தால், வதிவிடச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. பல நாடுகளில் கம்பெனி பதிவு அலுவலகம் விசாவைப் பார்ப்பதே இல்லை. பிரிட்டனில் கம்பெனி இயக்குநர் அந்த நாட்டில் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் 'அரசாங்கமே அனுமதித்துவிட்டது' என்று நம்பிவிடுகிறார்கள். அது கம்பெனி பிறந்ததற்கான சான்று மட்டும்தான். அதில் உழைக்க உங்களுக்குத் தந்த அனுமதி அல்ல. விசா அட்டை, இணைப்புத் தாள், விசா கொடுத்தபோது வந்த கடிதம் மூன்றையும் எடுத்து வைத்துப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது?

கடை வாடகை ஒப்பந்தம் கடைசியில். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

நடைமுறையில் தலைகீழாகத்தான் நடக்கிறது. நல்ல இடம் ஒன்று கண்ணில் படுகிறது, 'இன்னொருவர் கேட்கிறார்' என்று முகவர் அவசரப்படுத்துகிறார், கையெழுத்தாகிறது. அன்றிலிருந்து வாடகை ஓடத் தொடங்குகிறது. வங்கிக் கணக்கு திறக்கச் சில வாரங்கள் ஆகின்றன. அந்த இடத்தை உங்கள் தொழிலுக்குப் பயன்படுத்தத் திட்ட அனுமதி இல்லை என்று தெரியவருகிறது. உரிமம் தாமதமாகிறது. ஒரு பொருள்கூட விற்காமலே மூன்று நான்கு மாத வாடகை போய்விடுகிறது. முதல் வருடத்தைத் தாங்க வைத்திருந்த பணம் அதுதான்.

சரியான வரிசை இது: முதலில் விசா அனுமதி. அடுத்து அந்தத் தொழிலுக்கு உரிமமோ தகுதிச் சான்றோ வேண்டுமா என்று உறுதி செய்வது. பிறகு கம்பெனி அல்லது தனிநபர் பதிவும் வரி எண்ணும். பிறகு தொழில் வங்கிக் கணக்கு, காப்பீட்டு விலைப்புள்ளி. இவை எல்லாம் கையில் வந்த பின் வாடகை ஒப்பந்தம். இடம் கைநழுவிவிடுமோ என்று பயந்தால், 'திட்ட அனுமதியும் உரிமமும் கிடைத்தால் மட்டுமே ஒப்பந்தம் செல்லும்' என்ற நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள். உள்வேலை நடக்கும் காலத்துக்கு வாடகை விலக்கும் கேளுங்கள். சில அறிவிப்புகளுக்குக் காலக்கெடு உண்டு. பிரிட்டனில் உணவுத் தொழில் என்றால் திறப்பதற்கு 28 நாள் முன்னதாக உள்ளூராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.

பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர்தான். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. அப்பா பெயரோ முதலெழுத்தோதான் இருக்கும். வெளிநாட்டுப் படிவங்களில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் கட்டாயமாக இருக்கும். வரி அலுவலகத்தில் அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் விழும், வங்கியில் உங்கள் பெயரே விழும், வாடகை ஒப்பந்தத்தில் முதலெழுத்து விடுபடும். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அமெரிக்க ஆவணங்களில் 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கமான எஃப்என்யு என்ற மூன்றெழுத்து பெயரிடத்தில் ஏறிவிடுவதும் உண்டு. வங்கியின் சரிபார்ப்பு மென்பொருளுக்கு நீங்கள் நான்கு வெவ்வேறு ஆட்கள்.

பாஸ்போர்ட் படப் பக்கத்தின் அடியில், அம்புமுனை போன்ற குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிப்பது அந்த வரிகளைத்தான். மேல் வரியில், நாட்டுக் குறியீட்டுக்குப் பின் இரட்டை அம்புமுனை வரும் வரை இருப்பது குடும்பப் பெயர். அதற்குப் பின் வருவது சொந்தப் பெயர். எல்லாப் படிவத்திலும் அதே பிரிப்பு, அதே எழுத்துக்கூட்டல், அதே வரிசை இருக்கட்டும். பழைய சான்றிதழ்களில் வேறு மாதிரி இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வாங்கும் வரி எண்ணில் பெயர் சரியாக விழுந்தால், பின்னால் வருபவை பெரும்பாலும் அதையே பின்பற்றும்.

தொழில் கணக்கு திறக்க வங்கி மறுக்கிறது. காரணமும் சொல்வதில்லை. என்ன செய்வது?

காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் வங்கிக்கு இல்லை. வழக்கமான காரணங்கள் ஐந்தாறுதான்: விசா முடியக் குறைந்த காலமே இருப்பது, முகவரிச் சான்று இல்லாதது, பெயர் பொருந்தாதது, ரொக்கம் அதிகம் புழங்கும் தொழில், வெளிநாட்டுக்கு அடிக்கடி பணம் போகும் தொழில், முதல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாதது. கனடாவில் தற்காலிக அனுமதியில் இருப்பவரின் சமூகக் காப்பீட்டு எண் 9-இல் தொடங்கும். அதைப் பார்த்ததுமே வங்கிக்கு உங்கள் நிலை தெரிந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை 2014-ஆம் ஆண்டு விதிமுறையில் உண்டு. ஆனால் அது தனிநபர் கணக்குக்கு மட்டும். தொழில் கணக்குக்கு அதைக் காட்டி வாதாட முடியாது.

போகும்போது ஒரு கோப்பு கொண்டுபோங்கள். யாருக்கு விற்கிறீர்கள், யாரிடம் வாங்குகிறீர்கள், மாதம் எவ்வளவு ரொக்கம் வரும், எந்த நாட்டுக்கு எவ்வளவு பணம் போகும் என்று ஒரு பக்கத்தில் எழுதியது. முதலுக்கான ஆதாரம்: ஆறு மாதச் சம்பளச் சீட்டு, சேமிப்புக் கணக்கு அறிக்கை, உறவினர் கொடுத்தது என்றால் அவர் கையெழுத்திட்ட கடிதமும் அவருடைய கணக்கிலிருந்து பணம் வந்த பதிவும். உண்டியல், ஹவாலா வழியாக வந்த பணத்துக்கு இந்தப் பதிவு இருக்காது. கமிஷன் மிச்சம் என்று அப்படிக் கொண்டுவந்த தொகை, கணக்கு முடக்கப்படும் நாளில் உங்களைக் காப்பாற்றாது. சீட்டு எடுத்த பணமும் அப்படித்தான். யார் யார் எவ்வளவு கட்டினார்கள் என்ற எழுத்தும், வங்கி வழியாகக் கட்டிய தடமும் இருந்தால் மட்டுமே அதை விளக்க முடியும்.

தொழில் கணக்கு வரும் வரை சொந்தக் கணக்கில் வியாபாரம் நடத்தலாம் என்று தோன்றும். வேண்டாம். தனிநபர் கணக்கின் நிபந்தனைகளில் பெரும்பாலும் அதற்குத் தடை இருக்கும். கணக்கை மூடினால் வீட்டு வாடகைப் பணமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

எவ்வளவு முதல் வேண்டும்?

உள்வேலை, முன்பணம், முதல் சரக்கு ஆகியவற்றை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். விட்டுப்போவது, தொழில் தன் காலில் நிற்கும் வரை தாங்கும் பணம். ஒரு கணக்குப் பார்ப்போம். எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை வரி சேர்க்காத தொகைகள் இவை.

மாத வாடகை 2,000. சம்பளம் 3,500. மின்சாரம், காப்பீடு, கணக்காளர் எல்லாம் 1,000. உங்கள் வீட்டுச் செலவுக்கு 1,500. மொத்தம் 8,000. 100-க்கு விற்றால் சரக்கு விலை போக 40 நிற்கிறது என்று வைப்போம். அப்படியானால் மாதம் 20,000-க்கு விற்றால்தான் கையைக் கடிக்காது. 26 நாள் திறந்தால் ஒரு நாளுக்குச் சுமார் 770. ஒருவர் சராசரியாக 14-க்கு வாங்குவார் என்றால் தினமும் 55 பேர் வர வேண்டும். அந்தத் தெருவில் காலை, மதியம், மாலை, வார இறுதி என்று நின்று எண்ணிப் பாருங்கள், 55 பேர் உள்ளே வருவார்களா என்று.

முதல் மாதமே 20,000 வராது. 6,000, 9,000, 12,000, 15,000, 18,000 என்று ஏறி ஆறாம் மாதம் 20,000-ஐத் தொடுகிறது என்று வையுங்கள். இது நல்ல வளர்ச்சிதான். அப்போதும் முதல் ஐந்து மாதத் துண்டு 5,600, 4,400, 3,200, 2,000, 800. கூட்டினால் 16,000. இதற்கு மேல், வாடிக்கையாளர்கள் 30 நாள் கழித்துப் பணம் தரும் தொழில் என்றால் ஒரு மாதச் சரக்குக்கு இன்னொரு 12,000 தேவை. ஏனென்றால் சரக்கு தருபவர் உங்களுக்கு அதே 30 நாள் தவணை தரமாட்டார். புது ஆள், வியாபாரச் சான்று சொல்ல யாரும் இல்லை, முதல் சில மாதம் ரொக்கம்தான். இந்த 28,000 இல்லாமல் தொடங்கும் தொழில், வாடிக்கையாளர் வரத் தொடங்கும் நேரத்தில் மூடப்படுகிறது.

வீட்டுச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், விற்பனை வரிக்கு வைத்த பணம்தான் முதலில் கரையும்.

இங்கே எனக்குக் கடன் வரலாறு இல்லை. யார் கடன் கொடுப்பார்கள்?

சொந்த நாட்டில் இருபது வருடம் தவறாமல் தவணை கட்டியிருந்தாலும், பொதுவாக அந்தப் பதிவு எல்லை தாண்டி வராது. புது நாட்டில் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வந்த மாதமே சிறு வரம்புள்ள கடன் அட்டை ஒன்றை எடுத்து, சிறிதளவு பயன்படுத்தி, தவணைத் தேதிக்கு முன் முழுவதும் கட்டிவாருங்கள். தொலைபேசி, மின்சாரக் கணக்குகளை உங்கள் பெயரில் வையுங்கள். தொழில் தொடங்க இரண்டு வருடம் இருந்தாலும் இதை இன்றே தொடங்கலாம்.

வங்கிக்கு வெளியே குறுங்கடன் அமைப்புகள் உண்டு. பிரான்ஸில் 1989-இல் தொடங்கிய 'அடி' (Adie) என்ற சங்கம், வங்கி கடன் தராதவர்களுக்கென்றே இயங்குகிறது. பிரிட்டனில் அரசு ஆதரவுள்ள தொடக்கக் கடன் 500 முதல் 25,000 பவுண்டு வரை கிடைக்கும். அது கம்பெனியின் பெயரில் அல்ல, உங்கள் தனிப்பட்ட பெயரில் ஏறும் கடன். சொந்த நாட்டிலிருந்து பணம் கொண்டுவர நினைத்தால் அந்த நாட்டின் அந்நியச் செலாவணி வரம்பைப் பாருங்கள். இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம்.

எனக்கு அனுமதி இல்லை. குடியுரிமை உள்ள நண்பர் பெயரில் தொடங்கி நான் நடத்தலாமா?

செய்யாதீர்கள். சட்டத்தின் கண்ணில் தொழில் அவருடையது, வங்கிக் கணக்கு அவருடையது, கடை அவருடையது. நீங்கள் முதல் போட்டதற்கு அத்தாட்சி கேட்டு வழக்குப் போனால், அந்த அத்தாட்சியே நீங்கள் அனுமதியின்றித் தொழில் நடத்தியதற்கும் சாட்சியாகும். ஏமாற்றும் எண்ணம் இல்லாத நல்ல நண்பராக இருந்தாலும் விவாகரத்து, மரணம், அவருடைய பழைய கடன் என்று ஏதாவது வந்தால் சொத்து அவருடைய பட்டியலில்தான் சேரும். அவருக்கும் ஆபத்து உண்டு: நீங்கள் கட்டாமல் விட்ட வரி அவர் தலையில் விழும்.

நேர்மையான வழி உண்டு. வாழ்க்கைத் துணைக்குச் சுயதொழில் அனுமதி இருந்தால் அவர் உண்மையாகவே தொழிலை நடத்தலாம். அல்லது விசா மாறும் வரை முதலீடு மட்டும் செய்து, வேலையில் கைவைக்காமல் இருக்கலாம். இதற்கும் உங்கள் விசா நிபந்தனையை முதலில் பாருங்கள்.

நெருங்கிய நண்பரோடு கூட்டுத் தொழில். எழுத்து வேண்டுமா?

நெருங்கியவர் என்பதால்தான் வேண்டும். எழுத்து இல்லாவிட்டால் சட்டம் தன் விதியைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். பிரிட்டனில் அது 1890-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம். நீங்கள் 80 போட்டு அவர் 20 போட்டிருந்தாலும், வேறு உடன்பாடு இருந்ததாகக் காட்ட முடியாவிட்டால் லாபம் சரிபாதி. காலவரை குறிக்காத கூட்டை ஒருவர் அறிவிப்புக் கொடுத்தே கலைத்துவிடலாம். தொழிலுக்காக ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்றவரும் பொறுப்பு.

எழுத வேண்டியவை: யார் எவ்வளவு போட்டார், அது பங்கா கடனா, யார் எத்தனை மணி நேரம் உழைப்பார், சம்பளம் உண்டா, எவ்வளவுக்கு மேல் செலவழிக்க இருவர் கையெழுத்து வேண்டும், ஒருவர் விலகினால் பங்கை எப்படி விலை போடுவது, ஒருவருடைய விசா நின்றுபோனால் என்ன. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலான மாதிரிப் பத்திரங்களில் காணமுடியாது. நீங்களே சேர்க்க வேண்டும்.

இத்தனை வருட அனுபவம் இருக்கிறது. சான்றிதழ் கேட்பார்களா?

நாட்டையும் தொழிலையும் பொறுத்தது. முடி திருத்தும் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அதற்குச் சட்டப்படி தகுதித் தேர்வு எதுவும் இல்லை. அமெரிக்காவில் மாநில உரிமம் வேண்டும். பயிற்சி மணி நேரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஜெர்மனியில் அது மாஸ்டர் தகுதி (அந்தக் கைத்தொழிலின் உயர்நிலைத் தேர்ச்சிச் சான்று) கேட்கும் கைத்தொழில் பட்டியலில் இருக்கிறது. தகுதி இல்லாதவர் கடை வைக்க வேண்டுமானால், தகுதியுள்ள ஒருவரைத் தொழில்நுட்ப மேலாளராக வேலைக்கு வைக்கலாம். அவர் நின்றுவிட்டால் கடையும் சிக்கலில் விழும். மின்வேலை, எரிவாயு, குழந்தைப் பராமரிப்பு, மருத்துவம் சார்ந்தவை பெரும்பாலான நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. வெளிநாட்டுத் தகுதியை மதிப்பிட்டு ஏற்கும் நடைமுறை பல நாடுகளில் உண்டு. பாடத்திட்டம், பயிற்சி மணி நேரம், முன்னாள் முதலாளியின் கடிதம் ஆகியவற்றைச் சொந்த நாட்டிலிருந்து கிளம்பும்போதே கையோடு எடுத்து வாருங்கள். பின்னால் வாங்குவது பெரும்பாடு.

வாடகை ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

வாடகைத் தொகையை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

தனிப்பட்ட உத்தரவாதம்: கம்பெனி பெயரில் ஒப்பந்தம் போட்டாலும், இந்தத் தாளில் கையெழுத்திட்டால் மீதமுள்ள காலத்து வாடகைக்கு உங்கள் வீடும் சேமிப்பும் பொறுப்பாகிவிடும். முற்றிலும் தவிர்க்க முடியாவிட்டால் ஒரு தொகைக்கோ ஒரு காலத்துக்கோ வரம்பு கேளுங்கள்.

பழுதுபார்ப்பு: 'முழுப் பழுதும் வாடகைக்காரர் பொறுப்பு' என்றிருந்தால், நீங்கள் வரும்போதே ஒழுகிய கூரையையும் போகும்போது நீங்கள்தான் சரிசெய்து தர வேண்டியிருக்கும். சாவி வாங்கும் நாளில் தேதியோடு படங்கள் எடுத்து, அந்த நிலைக்கு மேல் பொறுப்பில்லை என்று இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இடையில் விலகும் உரிமை: எந்தத் தேதியில், எத்தனை மாத அறிவிப்பில், என்ன நிபந்தனையில் என்று பாருங்கள். ஒரு சிறு பாக்கி இருந்தாலும் விலக முடியாது என்று எழுதப்பட்டவை உண்டு.

புதுப்பிக்கும் உரிமை: இங்கிலாந்தில் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காலம் முடிந்ததும் கடை வாடகைக்காரருக்குப் புதிய ஒப்பந்தம் கோரும் உரிமை உண்டு. அதை விட்டுக்கொடுக்க வைக்க ஒரு நடைமுறையும் உண்டு. உரிமையாளர் எச்சரிக்கை அறிவிப்பு கொடுப்பார், நீங்கள் உறுதிமொழியில் கையெழுத்திடுவீர்கள். அந்த அறிவிப்புக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே 14 நாள் இல்லாவிட்டால் வேறொரு வழக்கறிஞர் முன் சத்தியப் பத்திரம் கொடுக்கச் சொல்வார்கள். 'சும்மா ஒரு சம்பிரதாயக் கையெழுத்து' என்று அனுப்பிவைத்தால் புரிந்துகொள்ளுங்கள்: ஐந்து வருடம் கட்டி வளர்த்த கடையை விட்டு இறங்கச் சொல்லும் அதிகாரத்தை அந்தக் கையெழுத்தில் கொடுக்கிறீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கடையை வாங்குவது பாதுகாப்பா?

விற்பவர் சொல்லும் வாரக் கணக்கை நம்பாதீர்கள். மூன்று வருட ஆண்டுக் கணக்கு, வரி அலுவலகத்துக்கு அனுப்பிய விற்பனை வரிப் படிவங்கள், கல்லா இயந்திரத்தின் நாள் முடிவுச் சீட்டுகள், வங்கி அறிக்கை நான்கையும் கேட்டு ஒன்றோடொன்று ஒத்துப்பாருங்கள். 'கணக்கில் காட்டாத வியாபாரமும் உண்டு' என்று அவர் சொன்னால், அதற்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். நிரூபிக்க முடியாத வியாபாரம் அது.

கம்பெனியின் பங்கை வாங்கினால் பழைய கடன், வரிப் பாக்கி, வழக்கு எல்லாம் சேர்ந்து வரும். சொத்தும் பெயரும் மட்டும் வாங்கினால் பெரும்பாலும் வராது, ஆனால் விதிவிலக்கு உண்டு. ஜெர்மனியில் பழைய வணிகப் பெயரிலேயே தொடர்ந்தால் வணிகச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி பழைய தொழில் கடன்கள் உங்களைத் தொடரும். அவ்வாறு தொடராது என்று உடன்பட்டு வணிகப் பதிவேட்டில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊழியர்கள் விஷயத்தில் ஐரோப்பிய நாடுகளிலும் பிரிட்டனிலும், அவர்கள் பழைய பணிக்காலத்தோடு உங்களிடம் வருவார்கள். பத்து வருடம் வேலை பார்த்தவரை நிறுத்தினால் பத்து வருடத்துக்கான பணத்தை நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும்.

விற்பனை வரிக்கு எப்போது பதிவு செய்ய வேண்டும்?

வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 90,000 பவுண்டு, ஆஸ்திரேலியாவில் 75,000 டாலர், கனடாவில் 30,000 டாலர். டாக்சி ஓட்டுபவர்கள் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வரம்பே பார்க்காமல் முதல் டாலரிலிருந்து பதிவு செய்ய வேண்டும். செயலி வழியாகப் பயணிகளை ஏற்றுபவர்களுக்கும் இதே விதிதான்.

எல்லாமே விற்றுமுதலைப் பார்க்கும், லாபத்தை அல்ல. அடுத்த தவறு காலத்தை எண்ணுவதில். பிரிட்டனில் நிதியாண்டு கணக்கில்லை. எந்த மாத முடிவில் திரும்பிப் பார்த்தாலும் கடந்த 12 மாதம். ஏப்ரல் முதல் மார்ச் வரை 84,000 வந்தது, தப்பித்தோம் என்றிருப்பார். அதற்குள் ஆகஸ்டில் முடிந்த 12 மாதம் 91,000 ஆகியிருக்கும். அந்த மாத முடிவிலிருந்து 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஒரு வருடம் கழித்துக் கண்டுபிடித்தால், அந்த ஒரு வருட விற்பனைக்கான வரியை உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். வாங்கிப்போனவர்களிடம் போய் மீதியைக் கேட்க முடியாது. 20 சதவீத வரி என்றால் கல்லாவில் விழும் ஒவ்வொரு 120-இலும் 20 உங்களுடையது அல்ல. அதை வாராவாரம் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

மனைவி, தம்பி, உறவினர்கள் சும்மா உதவுகிறார்கள். அதற்கும் சட்டமா?

ஆமாம். தம்பி மாணவர் விசாவில் இருந்தால் சம்பளம் வாங்காமல் நின்றாலும் அது வேலையாகக் கருதப்படலாம். பிரிட்டனில் அனுமதி இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் அபராதம் முதல் முறையிலேயே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை, மறுபடி என்றால் 60,000 வரை. 'நம்ம ஊர்ப் பையன், பாவம்' என்று வைத்துக்கொண்டதற்காகக் கடையையே இழக்க நேரும். அவனுக்கும் அது நல்லதல்ல. சம்பளம் குறைந்தாலும் கேட்க முடியாத நிலையில் அவன் இருப்பான்.

நம் மக்களிடம் மட்டும் விற்றால் போதாதா?

தொடங்க அது பெரிய பலம். மொழி தெரியும், தேவை தெரியும், விளம்பரச் செலவு இல்லை. ஆனால் அதே நம்பிக்கையில் அதே தெருவில் நான்கு பேர் அதே தொழிலைத் தொடங்குகிறார்கள். வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறாது, விலைதான் இறங்கும். கடன் கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்லவும் முடியாது. முதல் நாளிலிருந்தே பெயர்ப்பலகை, விலைப்பட்டியல், இணையப் பக்கம் மூன்றும் உள்ளூர் மொழியிலும் இருக்கட்டும். மற்றவர்கள் உள்ளே வரத் தயங்குவதற்கு வெறுப்பு மட்டுமே காரணம் அல்ல; என்ன விலை, எப்படிக் கேட்பது என்று தெரியாததும் காரணம்.

மொழி அரைகுறையாகத்தான் தெரியும். ஒப்பந்தங்களை எப்படிச் சமாளிப்பது?

புரியாத தாளில் கையெழுத்திடாதீர்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவும் வேண்டாம். சட்டச் சொல் பிள்ளைக்கும் தெரியாது. ஜெர்மனியில் நோட்டரி முன் பத்திரம் போடும்போது மொழி போதிய அளவு தெரியாது என்று சொன்னால், அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியது சட்டப்படி கட்டாயம். வெட்கப்பட்டு 'புரிகிறது' என்று சொல்லிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

எந்தக் காப்பீடு கட்டாயம்?

வாடிக்கையாளருக்கு நேரும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு, ஊழியர் காப்பீடு, சரக்குக் காப்பீடு ஆகியவை அடிப்படை. பிரிட்டனில் ஊழியர் பொறுப்புக் காப்பீடு குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு இருக்க வேண்டும். இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரை அபராதம் வரலாம். சொந்தக் காரில் டெலிவரி செய்பவர்கள் கவனியுங்கள்: சாதாரணக் கார் காப்பீடு கூலிக்குப் பொருள் கொண்டுபோவதை ஏற்காது. விபத்து நடந்த பிறகுதான் இது தெரியவருகிறது.

வரியைக் குறைக்க வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் விசாவுக்குப் பாதிப்பு வருமா?

வரும். நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் அதிக வருமானம், வரிப் படிவத்தில் குறைந்த வருமானம் என்ற முரண்பாட்டைக் காட்டி, பிரிட்டனில் சுயதொழில் செய்த திறன்மிகு குடியேறிகள் பலரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. விளக்கம் கேட்காமல் நேர்மையற்றவர் என்று முடிவு செய்தது முறையல்ல என்று 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்குள் பலர் வேலையும் வீடும் இழந்து வருடக்கணக்கில் அலைந்துவிட்டார்கள். அவர்களில் சிலரது தவறு, கணக்காளர் போட்ட படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டது மட்டும்தான்.

விசா அலுவலகம், வரி அலுவலகம், வங்கி மூன்றிடமும் ஒரே வருமானம், ஒரே தேதி, ஒரே முகவரி இருக்கட்டும். வரிப் படிவத்தில் பிழை தெரிந்தால், விசா விண்ணப்பம் போடும் நேரம் வரை காத்திராமல் தெரிந்த அன்றே திருத்துங்கள். விண்ணப்பத்துக்குச் சற்று முன்பு திருத்தினால் சந்தேகம்தான் கூடும்.

யாரிடம் ஆலோசனை கேட்பது?

குடியேற்ற ஆலோசனை சொல்பவர் பதிவு பெற்றவரா என்று நீங்களே தேடிப் பாருங்கள். பிரிட்டனில் இதற்கான ஆணையம் 2025 ஜனவரியிலிருந்து குடியேற்ற ஆலோசனை ஆணையம் என்ற பெயரில் இயங்குகிறது. கனடாவில் 'கல்லூரி' (College) என்ற பெயரில் ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு, ஆஸ்திரேலியாவில் குடியேற்ற முகவர் பதிவேடு. மூன்றிலும் பெயரைத் தட்டித் தேடலாம். கணக்காளரிடம் விசாவைப் பற்றியும் விசா ஆலோசகரிடம் வரியைப் பற்றியும் கேட்காதீர்கள். கணக்காளரை எடுக்கும்போது, வரி அலுவலக இணையக் கணக்கின் கடவுச்சொல் உங்களிடமும் இருக்கும் என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

தொழில் சரிவரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போய்விடலாமா?

பூட்டினால் மட்டும் தொழில் முடிந்ததாகாது. கம்பெனி பதிவேட்டில் உயிரோடு இருக்கும் வரை ஆண்டுப் படிவங்களும் தாமத அபராதமும் தொடரும். ஊழியர்களின் பாக்கி, விற்பனை வரி, ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரி ஆகியவற்றை முதலில் தீருங்கள். உறவினர் கடனைப் பிறகு பார்க்கலாம். கடனில் மூழ்கிய கம்பெனியிலிருந்து சொந்தக்காரர்களுக்கு மட்டும் பணம் கொடுத்தால், அதைத் திரும்பக் கேட்கவும் இயக்குநரைத் தண்டிக்கவும் பல நாடுகளின் சட்டத்தில் இடம் உண்டு. பிறகு இறுதி வரிப் படிவம், விற்பனை வரிப் பதிவு ரத்து, உரிமம் ஒப்படைப்பு, வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் முடிப்பது, கம்பெனி நீக்க விண்ணப்பம். விசாவே அந்தத் தொழிலை நம்பி இருந்தால், மூடும் அறிவிப்புக்கு முன்பே பதிவு பெற்ற ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள். சில விசாக்களில் மாற்று விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் கால அவகாசம் மூடிய தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். ரசீதுகளையும் கணக்குப் புத்தகங்களையும் தூக்கி எறிய வேண்டாம். பிரிட்டனில் கம்பெனி என்றால் குறைந்தது ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும்.